சோளகத்துக்கும் வாடைக்கும் போட்ட ஓடுபாதை

பலாலி ஓடுபாதை நேர் கிழக்கு மேற்காகவும் இல்லை, வடக்குத் தெற்காகவும் இல்லை. வடகிழக்குக்கும் தென்மேற்குக்கும் இடையில் சரிவாகக் கிடக்கிறது. ஒரு தலைப்பில் 05 என்றும் மற்றத் தலைப்பில் 23 என்றும் எழுதியிருக்கும். திசைகாட்டியில் 50 பாகை, 230 பாகை என்பதன் சுருக்கம் அது. யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். ஐப்பசி கழிய வாடை வடகிழக்கிலிருந்து வரும். பிளேன் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் ஏறவும் வேணும், இறங்கவும் வேணும். எங்கள் ஊரின் இரண்டு காற்றுக்கும் அளவெடுத்துப் போட்ட பாதை அது.

கட்டுவனில் எங்கள் தோட்டத்தில் நின்றால் அந்தக் காற்றுக் கணக்கு அப்படியே தெரியும். சோளகம் அடிக்கிற மாதங்களில் பிளேன் கடல் பக்கத்தால், மயிலிட்டிக்கு அந்தப் பக்கம் சுற்றி வந்து இறங்கும். வாடை மாறினால் தலைக்கு மேலே. ஐயா வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்பார், நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். "இண்டைக்குத் தெல்லிப்பளைப் பக்கத்தாலை வருது. வாடை திரும்பீட்டுது" என்பார். அவருக்குப் பிளேன் என்றால் அவ்வளவுதான். அவர் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட அதில் ஏறவில்லை.

இப்போது பலாலியைப் பற்றி யார் எழுதினாலும் 2019இல் தொடங்குகிறார்கள், இல்லாவிட்டால் 1990இல். ஒன்று திறப்பு விழா, மற்றது இடப்பெயர்வு. அதற்கெல்லாம் முன்னர் முப்பது வருஷத்துக்குக் கிட்ட அது எங்கள் ஊர்ப் பிளேன் நிலையமாக இருந்தது. அந்தக் காலத்தைப் பார்த்த ஆட்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் போட்டது வெள்ளைக்காரனின் விமானப்படை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். நாலு நாள் கழித்துத் திருகோணமலையில் போட்டான், அன்றைக்கே ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் தாழ்த்தினான். சிங்கப்பூரும் ரங்கூனும் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தன. அந்தப் பயத்தில் இலங்கை முழுக்க ஓடுபாதைகள் முளைத்தன. வவுனியா, சிகிரியா, மின்னேரியா, புத்தளம் என்று ஒரு வரிசை. கொக்கலை வாவியில் நீரில் இறங்கும் கற்றலீனாக்கள். வடக்கு முனையில் எங்களுடையது.

அவர்களின் பதிவுகளில் இதற்குப் பெயர் பலாலி இல்லை, காங்கேசன்துறை. துறைமுகம் அங்கே இருந்தது, ரயிலும் 1902இலேயே அதுவரைக்கும் வந்துவிட்டது. நிலமோ மேசைபோலத் தட்டை. மேலே ஒரு முழம் இரண்டு முழம் செம்மண், கீழே சுண்ணாம்புக் கல். மழை பெய்தால் தண்ணீர் தேங்காமல் கல்லின் வெடிப்புகளுக்குள்ளே இறங்கிவிடும். தோட்டக்காரன் கிணறு வெட்டக் கஷ்டப்படுகிற அதே கல் பாரமான பிளேன் இறங்க வசதியானது.

இறங்கியதும் பாரமானவைதான். லிபரேட்டர் என்ற நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். சிறகின் நீளம் மட்டும் 33 மீற்றருக்கு மேல். 1945 பெப்ரவரியில் 203ஆம் ஸ்குவாட்ரன் இந்த லிபரேட்டர்களோடு மதுரைத் தளத்திலிருந்து மாறி இங்கே வந்தது. வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போய்ச் சண்டை போட நீண்ட தூரம் பறக்கக்கூடிய பிளேன் வேணும், அதற்குத்தான் இவை. மதுரைக்கும் எங்களுக்கும் ஆகாயத்தால் ஒரு போக்குவரத்து இருந்தது என்பதை நான் முதலில் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. மீனாட்சியம்மனைக் கும்பிட இல்லை, கப்பல் தேடிப் பறக்க.

அம்மம்மாவுக்கு அந்த நாட்கள் நன்றாக ஞாபகம் இருந்தன. இரவில் விளக்கை மறைக்கச் சொன்னது, கதலிவாழைக் குலையையும் முட்டையையும் பட்டாளத்துக்காரர் வந்து விலை பேசாமல் வாங்கிப் போனது, சிகரெட் ரின்களில் பிறகு கனகாலம் மிளகாய்த்தூள் போட்டு வைத்தது. ஆனால் கதையை எங்கே தொடங்கினாலும் பனையில்தான் கொண்டுவந்து முடிப்பா.

"எத்தினை பனையைத் தறிச்சவங்கள் எண்டு தெரியுமோ பிள்ளை? அவன் போட்டான், அவன் போயிட்டான். பனை திரும்பி வருமோ?"

ஒரு பனை முதல் பாளை தள்ள எத்தனை வருஷம் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கோபம் விளங்கும். அம்மம்மாவின் சகோதரம் ஒன்றுக்குச் சீதனமாகக் கொடுக்க இருந்த பனங்காணியும் அதில் போனதாம். நட்டஈடு கிடைத்தது, எவ்வளவு என்று கேட்டால் கையை விரிப்பா.

சண்டை முடிந்து அவர்கள் விட்டுவிட்டுப் போக, ஓடுபாதையில் மாடு மேய்ந்தது. பெரியாட்கள் சைக்கிள் ஓடப் பழகினார்கள். அந்த மாட்டையெல்லாம் கலைக்க வேண்டி வந்தது 1947 டிசம்பர் 10இல். ஏர் சிலோனின் முதல் பயணம் அன்றைக்கு. ரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, மதராஸ் போனது. சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒரு நாட்டின் விமான சேவை தன் முதல் பயணத்திலேயே எங்கள் செம்மண்ணில் கால் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் ஆசிரியையாக இருந்த காலத்தில் பாடத்துக்கு வெளியேதான் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

பறந்தது டக்கோட்டா. அதுவும் போர்க்காலத்து மிச்சம்தான். படையாட்களை ஏற்றிய வகைப் பிளேனில் சீற்றுகள் போட்டு சனத்தை ஏற்றினார்கள். ஏர் சிலோனிடம் அப்போது மூன்று டக்கோட்டாக்கள்: சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்திரா தேவி. முதல் பயணம் போனது சீதா தேவி. இலங்கையிலிருந்து சீதை இந்தமுறை யாரையும் காத்திராமல் தானே ரிக்கெற் எடுத்துக்கொண்டு போனாள் என்று ஊரில் ஒரு பகிடி இருந்தது. பெரியப்பா அதை எந்தக் கலியாண வீட்டிலும் சொல்லாமல் விட்டதில்லை. டக்கோட்டாவுக்கு வால் பக்கம் நிலத்தோடு இருக்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். உள்ளே ஏறினால் முன் சீற்றுக்கு மேடேறி நடக்க வேணும். வேட்டியோடு அப்படி நடந்த கதையும் பெரியப்பாவின் கதைதான்.

1960களின் நடுவில் அவ்ரோ வந்தது. அவ்ரோ 748 என்பது முழுப்பெயர். இரண்டு டார்ட் எஞ்சின், அதற்கென்று ஒரு கீச்சுச் சத்தம். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கலாம். நான் கண்ணால் கண்ட முதல் பிளேன் அதுதான். ரத்மலானைக்கும் போகும், திருச்சிக்கும் போகும். எங்களுக்குத் திருச்சி எவ்வளவு கிட்ட என்பது வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். நேர்கோட்டில் 200 கிலோமீற்றர்கூட இல்லை. கொழும்புக்கு றோட்டால் 400 கிலோமீற்றருக்குக் கிட்ட. அதனால் பலாலியில் ஏறித் திருச்சியில் இறங்குவது பெரிய வெளிநாட்டுப் பயணமாக எவருக்கும் படவில்லை. ஸ்ரீரங்கம், சமயபுரம், பழனி என்று நேர்த்திக்கடன் முடிக்கப் போனார்கள். கலியாணக் கூறைக்குக் காஞ்சிபுரம் போனார்கள். அங்கே படிக்கிற பிள்ளைகள் லீவுக்கு வந்து போனார்கள். புகையிலை வியாபாரிகள் போனார்கள்.

சின்ன மாமி ஒரு கலியாணத்துக்கு உடுப்பு எடுக்கத் திருச்சிக்குப் போய்வந்ததை நான் மறக்கவில்லை. அது 1970களின் நடுப்பகுதி, இறக்குமதி எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு, பாணுக்கும் துணிக்கும் வரிசை. வெளிநாட்டுக் காசு கையில் எடுக்க ஆயிரம் சட்டம். மாமி போகும்போது ஒல்லியாகப் போனா, வரும்போது ஒரு சுற்றுப் பெருத்து வந்தா. ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று சேலை. சுங்கத்தில் நின்றவர் கனநேரம் பார்த்துவிட்டு, "என்னக்கா, திருச்சிச் சாப்பாடு நல்லா ஒத்துக்கொண்டிருக்குப் போல" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டாராம். ஊர்ப் பிளேன் நிலையம் என்று நான் சொல்வது இதைத்தான். சுங்கத்தில் நிற்பவருக்கு உன் கலியாணமும் தெரியும், அடுத்த கிழமை அவரே பந்தியில் வந்து குந்தவும் கூடும்.

எல்லாரையும் அப்படி விட்டுவிடவில்லை, படகால் வந்த சாமான் அதைவிடப் பலமடங்கு. கடத்தலையும் கள்ளமாகக் கரையேறுபவர்களையும் பிடிக்கவென்று சொல்லி 1976இல் விமானப்படையின் ஒரு சிறு பிரிவு பலாலிக்கு வந்தது. அந்த நேரம் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. சில பேர், ஒரு கொட்டகை, ஒரு கொடி. எங்களுக்கு அது வேலியோரம் நின்று பார்க்க இன்னொரு புதினம், அவ்வளவே.

1978 செப்ரெம்பர் 7 காலை பலாலியிலிருந்து போன அவ்ரோ ரத்மலானையில் இறங்கி, ஆட்கள் எல்லாம் இறங்கின பிறகு, உள்ளே வைத்த குண்டு வெடித்து எரிந்துபோனது. புதிய அரசியல் யாப்பு நடைமுறைக்கு வந்த நாள் அது. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. எனக்கு அப்போது 17 வயது. றேடியோவில் செய்தி போகும்போது வீட்டில் யாரும் ஒன்றும் பேசவில்லை. மாமி மட்டும் "இனி விடமாட்டாங்கள்" என்றா. யாரை, எங்கே என்று சொல்லவில்லை. ஏர் சிலோனும் அந்த வருஷத்தோடு சரி. அடுத்த வருஷம் ஏர் லங்கா வந்தபோது அதன் கண் லண்டனிலும் பாங்கொக்கிலும் இருந்தது. பலாலிக்கு வரும் சிவில் பிளேன் குறைந்துகொண்டே போய், 1983க்குப் பிறகு அது முழுக்கப் படைத்தளம்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். நான் பிளேனோடு நிற்கிறேன்.

1987 யூலை 29இல் இந்திய - இலங்கை ஒப்பந்தம். மறுநாள் இந்தியப் படை வந்திறங்கியது பலாலியில். கட்டுவன் றோட்டில் சனம் மாலையோடு நின்றது. ஒக்ரோபர் 5இல், கடலில் பிடிபட்டுப் பலாலித் தளத்துக்குள் வைக்கப்பட்டிருந்த புலிகள் இயக்கப் பெடியள் 12 பேர் கொழும்புக்குக் கொண்டுபோகப்படுவதற்கு முன் சயனைட் கடித்து இறந்தார்கள். ஒரு கிழமைக்குள், 11ஆம் திகதி இரவு, அதே ஓடுபாதையிலிருந்து எழும்பிய ஹெலிகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஆட்களை இறக்கின. மாலை காய்வதற்கு முன் எல்லாம் தலைகீழ்.

அவ்ரோவுக்குத் திரும்பி வருகிறேன். விமானப்படையிடமும் அவ்ரோ இருந்தது, ஏர் சிலோனிடம் இருந்த அதே வகை. மாமியைத் திருச்சிக்குக் கொண்டுபோன அதே கீச்சுச் சத்தம். அதே பிளேனின் கதவுப் பக்கத்தால் பீப்பாய்க் குண்டைத் தள்ளி விழுத்தினார்கள். மெதுவாக, உயரத்தில், அவசரமில்லாமல் சுற்றும். அப்படி உறுமிக்கொண்டு வரும் பெரிய பிளேனுக்குச் சனம் சகடை என்று பெயர் வைத்தது. மார்ச்செற்றி என்ற சின்னக் குண்டுவீச்சுப் பிளேனுக்குச் சியாமாசெற்றி. என்னிடம் நாலாம் வகுப்புப் படித்த பிள்ளைகள் சத்தத்தை வைத்தே எது என்று சொல்வார்கள், நான் சொல்வதற்கு முன்பே பங்கருக்குள் இருப்பார்கள். 1995 ஏப்ரல் 28இலும் 29இலும் இரண்டு அவ்ரோக்கள் பலாலிக்குக் கிட்ட அடுத்தடுத்துச் சுட்டு விழுத்தப்பட்டன. இரண்டிலும் சேர்த்து 90 பேருக்கு மேல் செத்தார்கள். அன்றைக்கு ஊரில் சிலர் கைதட்டியதும் உண்டு. எனக்குக் கைதட்டவும் வரவில்லை, அழவும் வரவில்லை. அந்தச் சீற்றுகள் எனக்குத் தெரிந்த சீற்றுகள் என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

எங்கள் வீட்டை விட்டு நாங்கள் வெளிக்கிட்டது அதற்கு ஐந்து வருஷம் முந்தி, 1990 யூன் மாதம். பலாலியைச் சுற்றிக் கிடக்கும் வலிகாமம் வடக்கே சண்டையால் காலியானது அந்த நாட்களில், பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம் என்று படையின் வேலிக்குள் போனது. பசுவின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஐயா கிணற்றுக்கு மூடி போட்டுவிட்டு வந்தார். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்பது அவருடைய கணக்கு.

1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணமே தென்மராட்சிக்கு நடந்தது, பிறகு திரும்பியது. ஏ9 வீதி மூடிக் கிடந்தது. வெளியே போக வேணுமென்றால் கப்பல், இல்லாவிட்டால் பலாலிப் பிளேன். அப்படித்தான் சிவில் பிளேன் திரும்ப வந்தது. ஆனால் அது எங்கள் பழைய பிளேன் இல்லை. பாஸ் எடுக்க வேணும், சாமானை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்ட வேணும், படையினரின் பஸ்ஸில் ஏறி உள்ளே போக வேணும். சொந்த ஊருக்குள்ளாலே போகிற பஸ், எட்டிப் பார்க்க யன்னல் இல்லை.

1998 செப்ரெம்பர் 29. பலாலியிலிருந்து ரத்மலானைக்குப் போன லயன் எயார் அன்ரனோவ் 24, மன்னார்க் கடலுக்கு மேலே சுட்டு விழுத்தப்பட்டது. 48 பயணிகள், 7 சிப்பந்திகள், மொத்தம் 55 பேர். பயணிகளில் பெரும்பாலானோர் தமிழ்ச் சனம். சுட்டது புலிகள். இதை எழுதும்போது சிலருக்கு என்மேல் கோபம் வரும் என்று தெரியும், வந்தால் வரட்டும். பிளேனின் மிச்சம் இரணைதீவுக்குக் கிட்டக் கடலடியில் கிடப்பது 2012இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து எடுத்த உடுப்புகளையும் சாமான்களையும் 2014 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைத்தார்கள், உறவுகள் வந்து அடையாளம் காட்டவென்று. பதினைந்து வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்த சேலையை ஒருத்தி கையில் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஊர்ப் பிளேனின் கணக்கில் இதையும் எழுதத்தான் வேணும்.

2002 சமாதான காலத்தில் பிளேனும் ஓடியது, ஏ9உம் திறந்தது. 2006 ஓகஸ்ட்டில் வீதி மறுபடி மூட, மறுபடி பிளேனும் கப்பலும்தான். அதை இங்கே நீட்டவில்லை.

2019இல் யூலையில் வேலை தொடங்கி ஒக்ரோபர் 17இல் பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தும் விட்டார்கள். சென்னையிலிருந்து அலையன்ஸ் எயாரின் ஏ.ரி.ஆர். பிளேன் வந்திறங்கியது, ஜனாதிபதி, பிரதமர் எல்லாரும் நின்றார்கள். நவம்பர் 11இலிருந்து சனம் போய்வரத் தொடங்கியது. நாலு மாதம் முடிய முன்னமே கொரோனா. 2020 மார்ச்சில் நின்றது, 2022 டிசம்பர் 12இல்தான் திரும்பத் தொடங்கியது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது. 2025 மார்ச் 30இல் திருச்சி. பேப்பரில் "புதிய சேவை" என்று போட்டிருந்தார்கள். மாமி இருந்திருந்தால் அந்தப் பேப்பரால் யாருக்காவது அடித்திருப்பா.

நானும் தங்கச்சியும் திருச்சிக்குப் போனோம். சமயபுரத்தில் ஒரு பழைய நேர்த்தி பாக்கி, தங்கச்சிக்குக் கண் காட்டவும் வேண்டியிருந்தது. கட்டடம் சின்னது, சத்தமில்லாதது. எனக்கு அது பிடித்தது. கட்டுநாயக்காவில் கால் கடுக்க நடக்கிற நடையில்லை. ஆனால் பொதியை நிறுக்கும் இடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் குந்தியிருந்து பையைப் பிரித்தார்கள். ஒடியலும் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் ஒரு பையிலிருந்து மற்றப் பைக்கு மாறின. எங்களுக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர், நிறை கூடிப்போச்சு என்று சொன்னதும், "தம்பி, அதிலை பாதி உங்கடை ஊரிலை இருக்கிற என்ரை மோளுக்குத்தானே" என்று வாதாடிப் பார்த்தார். அந்தப் பெடியன் சிரித்தான், காசை வாங்கினான்.

ஏ.ரி.ஆருக்கு வாசல் பின்பக்கம். ஓடுபாதைப் பக்கம் நடந்து போய்ப் படியேற வேணும். சிறகு யன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க ஒரு மறைப்பும் இல்லை. இந்தமாதிரி காற்றாடி வைத்த பிளேன்தான் கட்டையான ஓடுபாதைக்குச் சரி. பெரிய ஜெற்றுகளுக்கு வேண்டிய நீளம் வேணாம். மாசி மாதம், வாடை இன்னும் இருந்தது. கடலைப் பார்த்து ஓடி எழும்பி, பிறகு மேற்கே திரும்பியது.

அந்தத் திருப்பத்தில்தான் பார்த்தேன். தெற்கே சின்னச் சின்னச் செம்மண் சதுரம், பச்சைச் சதுரம், வெங்காயம், புகையிலை, வாழை. ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பற்றை, மரம், பற்றை, இடையிலே கூரையில்லாத சுவர்கள். பிறகுதான் ஓடுபாதை. நிலத்தில் நின்று எத்தனையோ வருஷம் வேலியைப் பார்த்தவளுக்கு மேலேயிருந்து பார்க்கும்போதுதான் அளவு பிடிபட்டது. ஓடுபாதை அதற்குள்ளே ஒரு சின்னக் கீறல்.

இதைக் கணக்காகச் சொன்னால் இன்னும் விளங்கும். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைப் படைத் தேவைக்காகச் சுவீகரிப்பதாக அறிவித்தல் ஒட்டினார்கள். காணிக்காரர் கூட்டமாக நீதிமன்றம் போனார்கள். லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 3,000 ஏக்கர். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் பிளேன் வந்துபோகிற இடம் அது. எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு ஏ.ரி.ஆர். அந்த ஏக்கரில் துறைமுகம், தலைமையகம், எல்லாம் அடக்கம் என்று சொல்வார்கள், தெரியும். ஆனால் சனத்திடம் பேசும்போது காட்டுவது எப்போதும் பிளேனைத்தான். "விமான நிலையம் வேணுமோ வேண்டாமோ?" என்று கேட்டால் நாங்கள் என்ன சொல்வது? வேணும் என்றுதானே சொல்வோம்.

அதற்குப் பிறகு துண்டு துண்டாக விடுகிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் விடுபட்டது. 2025 ஏப்ரலில் வசாவிளானிலிருந்து பலாலி போகும் வீதியைத் திறந்தார்கள். திறந்தபோது ஒரு பலகையும் வைத்தார்கள்: காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணி வரை மட்டும், இடையில் நிற்கக் கூடாது, திருப்பக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, நடந்து போகக் கூடாது. நான் பஸ்ஸில் போனேன். நான் பள்ளிக்கூடம் படித்த பக்கமெல்லாம் யன்னலால் கடந்து போனது. பக்கத்தில் இருந்த கிழவர் கையைக் கும்பிட்டபடியே வந்தார், எந்தக் கோயில் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

ஓடுபாதையை நீட்ட வேணும், நீட்டினால்தான் பெரிய பிளேன் வரும், கனடாவிலிருந்து நேரே வந்திறங்கலாம் என்று இப்போது கதைக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆசை நிறைய. எனக்கு அதில் அவ்வளவு ஆசையில்லை. திருச்சிக்கும் சென்னைக்கும் ரத்மலானைக்கும் ஒழுங்காக ஒரு பிளேன், ஒரு வாத்தியாரின் பென்சன் தாங்குகிற விலையில் ஓடினால் அதுவே காணும். சர்வதேசம் என்று பலகையில் இருந்துவிட்டுப் போகட்டும். நீட்டத்தான் வேணுமென்றாலும் ஒரு வழி இருக்கிறது: எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று அளந்து கல்லுப் போடுங்கோ, அதற்குள் வருகிற காணிக்காரனுக்கு இன்றைய விலையில் காசைக் குடுங்கோ, மிச்சத்தை விடுங்கோ. வெள்ளைக்காரனே போகும்போது விட்டுவிட்டுத்தானே போனான்.

ஐயாவின் காணி உறுதி தம்பியிடம் இருக்கிறது. பதினாறு பரப்பு, ஒரு கிணறு, வடக்கு எல்லையில் நாலு பனை. நில அளவைப் படத்தில் வைத்துப் பார்த்தோம். ஓடுபாதையிலிருந்து கனதூரம், நீட்டினாலும் அந்தப் பக்கம் வராது. இருந்தாலும் வேலிக்கு உள்ளேதான் கிடக்கிறது. பதிந்து வைத்திருக்கிறோம். காணிக்காரரின் அடுத்த கூட்டம் வரும் மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். போவேன்.